ஊர்ப்பக்கத்து விமானத் தளத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி? சூலூரில் நான் கற்றது

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கன்றுக்குட்டியின் தாம்புக் கயிற்றில் ஓர் இரும்பு வளையம் கோத்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கல்லூரியில் வரலாறு எடுத்துச் சேர்ந்த வருடம் விடுமுறைக்குப் போயிருந்தபோதுதான் "இது ஏது அம்மாயி?" என்று கேட்டேன்.

"அதா? ஏரோடிராம் ரோடு போட்டப்ப சல்லி அளக்கறதுக்குக் குடுத்தது கண்ணு. இதுக்குள்ள பூந்து விழுந்தாத்தான் கணக்குல சேரும். பெரிசா இருந்தா மறுக்கா ஒடைக்கோணும்."

அம்மாயி 'ரோடு' என்றது கோவைக்குப் பக்கத்தில் உள்ள சூலூர் விமானத் தளத்தின் ஓடுதளத்தை. அதற்குச் சல்லி உடைத்தபோது அவருக்குப் பதினாறு வயது இருக்கும். அதுவரை அந்தத் தளம் எனக்கு ஒரு நீண்ட மதில், மதிலுக்கு மேலே ஒரு சத்தம், அவ்வளவுதான். மதிலுக்கு உள்ளே இருக்கும் ஒன்றின் வரலாறு எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தத் தளத்தின் கதையைத் தேடினோம். அந்த அனுபவத்தில் எப்படித் தேடலாம், எங்கே தடுக்கி விழுவோம் என்பதை இங்கே எழுதுகிறேன். தாம்பரம், தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி என்று நீங்கள் எந்தத் தளத்தின் பக்கத்தில் இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

முதலில் ஒரு கோடு

தேடப் போவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் நான் ஒரு கோடு கிழித்துக் காட்டிவிடுவேன். இன்று உள்ளே எது எங்கே நிற்கிறது, எத்தனை இருக்கிறது, எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் நம் கேள்வியே இல்லை. ராணுவத் தளங்கள் 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். மதிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கூடாது, ட்ரோன் விடவே கூடாது. உள்ளே வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அது அவருக்குத்தான் சங்கடம். களப்பணி நாட்களில் பிள்ளைகளைக் கைபேசி இல்லாமல்தான் கூட்டிப்போவேன். நோட்டும் பென்சிலும் போதும்.

இந்தக் கோட்டுக்குள் நின்றாலும் தேடக் கிடைப்பது ஏராளம். அறுபது, எண்பது வருடத்துக்கு முந்தைய சேதி யாருக்கும் ரகசியம் இல்லை. அதைக் கேட்கிறவர்கள்தான் இல்லை.

பெயரில் இருந்து தொடங்குங்கள்

முதல் வேலையாக, அந்தத் தளத்துக்கு இதுவரை இருந்த பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். சூலூரில் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு பெயர்தான்: வைரி.

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டான 1945-இல் சூலூர் தளம் பிரிட்டிஷ் அரச கடற்படையின் கையில் இருந்தது. அவர்கள் வைத்த பெயர் 'எச்.எம்.எஸ். வைரி'. மன்னரின் கப்பல் என்று பொருள் தரும் எச்.எம்.எஸ். என்ற முன்னொட்டு, கடலே தெரியாத கொங்கு மண்ணில் சோளக்காட்டுக்கு நடுவே எப்படி வந்தது? பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களையும் கப்பலாகவே பதிவு செய்யும். அப்படிப்பட்ட இடத்தைக் கல்லால் ஆன போர்க்கப்பல் என்று மாலுமிகள் செல்லமாகச் சொல்வார்கள். வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதைக்கூட 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள். ஆகவே பழைய பட்டியலில் வைரி என்று கண்டால் கப்பலைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்து, அந்தச் சொல். பகைவன் என்ற பொருளில் வைரி நமக்குத் தெரியும். வல்லூறு இனத்துச் சிறிய வேட்டைப் பறவைக்கும் தமிழில் வைரி என்று பெயர். எங்கள் தென்னந்தோப்புகளில் இன்றும் பார்க்கலாம். மார்பில் செம்பழுப்புக் கோடுகளோடு, மைனாக்களைக் கலவரப்படுத்திவிட்டு மட்டைக்கு மட்டை தாவும். அதே போர்க்காலத்தில் தாம்பரத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை விமானத் தளத்தின் பெயர் வல்லூறு. கோயம்புத்தூர் பீளமேட்டில் 1942-இல் விமானம் பழுதுபார்க்கத் தொடங்கிய பணிமனையின் பெயர் கருடா. கடலுக்கு அப்பால் புத்தளத்தில் இருந்த தளத்துக்குச் சிங்களத்தில் ராஜாலியா. அந்தந்த ஊர்ப் பேச்சில் இருந்தே பறவைப் பெயரைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகும் வழக்கம் போகவில்லை. இந்தியக் கடற்படை 1953 மே மாதம் கொச்சியில் தொடங்கிய விமானத் தளம் ஐ.என்.எஸ். கருடா. அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமன் தொடங்கிவைத்தது ஐ.என்.எஸ். ராஜாளி. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் இருப்பது ஐ.என்.எஸ். பருந்து. வகுப்பில் இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதில் உங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கியது எது?" என்று கேட்பேன். அதற்கப்புறம் ஒருவரும் தூங்குவதில்லை.

பெயரில் ஒரு பள்ளமும் உண்டு. நானே விழுந்திருக்கிறேன். பள்ளி மலரில் ஒருமுறை "கோவையில் ஐ.என்.எஸ். கருடா இருந்தது" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து திருத்தினார். கோவையில் இருந்தது பிரிட்டிஷாரின் கருடா, 1946-இல் மூடப்பட்டது. கொச்சியில் இருப்பது நம்முடைய கருடா. பெயர் ஒன்று, கொடி வேறு, காலம் வேறு. அன்று முதல் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'யாருடையது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை' என்ற இரண்டு விவரமும் இல்லாமல் நோட்டை மூட விடுவதில்லை.

பெரியவர்களிடம் கேட்கும்போது

"எந்த வருஷங்க?" என்று கேட்காதீர்கள். வருடம் கேட்டால் பெரியவர்கள் கூச்சப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் நம் மனம் கோணாமல் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வரிசை நன்றாக ஞாபகம் இருக்கும். ஆகையால் ஊரே அறிந்த நிகழ்ச்சிகள் சிலவற்றை முளைக்குச்சி மாதிரி அடித்து வைத்துக்கொண்டு, "அதுக்கு முந்தியா, பொறவா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் முளைக்குச்சிகள் இவை: 1942 ஆகஸ்ட் போராட்டம், சின்னியம்பாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் தோழர்கள் நால்வரைத் தூக்கிலிட்ட 1946 ஜனவரி 8, காந்தி சுடப்பட்ட நாள், 1962 சீனப் போர், 1965 இந்தி எதிர்ப்பு. அப்புறம் அவரவர் வீட்டுக் கல்யாணம், கிணறு வெட்டியது, முதல் குழந்தை பிறந்தது. இவற்றுக்கு இடையே எந்த நினைவையும் ஓரிரு ஆண்டு பிசகோடு பொருத்திவிடலாம்.

கேள்வியைப் பொருளில் இருந்து தொடங்குவது இன்னும் நல்லது. அந்த இரும்பு வளையத்தைப் பற்றிக் கேட்கப்போய்த்தான் அம்மாயி தீ வைத்த ராத்திரியைப் பற்றிச் சொன்னார். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் கோவை வட்டாரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ராணுவச் சரக்கு ஏற்றிய ரயிலைக் கவிழ்த்தார்கள். அதே மாதம் கட்டுமானத்தில் இருந்த சூலூர் தளத்துக்குள் புகுந்து கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். புத்தகத்தில் இது இரண்டு வரிதான். அம்மாயி சொன்னது இப்படி:

"கீத்துக் கொட்டாய் எரியறது எங்கூட்டு வாசல்ல இருந்தே தெரிஞ்சுது. மாடெல்லாம் கத்துது. எங்கய்யன் வெளக்கை ஊதி அணைச்சுப்போட்டாரு. விடிஞ்சா போலீசு. ஆம்பளைக எல்லாம் சோளக்காட்டுக்குள்ள போயிட்டாங்க. நாங்க ரெண்டு நாள் சோத்தைத் தூக்குப்போசில போட்டுக் காட்டுக்குக் கொண்டு போனம். அப்பறம் பத்து நாள் கழிச்சு மறுபடி அதே ரோட்டுக்குத்தான் சல்லி ஒடைக்கப் போனம். கூலி வேணுமல்ல?"

இந்தக் கடைசி வாக்கியம் எந்த நூலிலும் கிடைக்காது. தீ வைத்த ஊரும் சல்லி உடைத்த ஊரும் ஒன்றேதான். ஒருவேளை ஒரே வீடாகவும் இருக்கலாம். ஒரு விமானத் தளத்தின் வரலாறு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதைப் போன்ற வாக்கியம் காதில் விழுந்தால் பேச்சை நிறுத்தாமல், சொன்னபடியே, அந்தப் பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தமிழில் மாற்றி எழுதினால் உயிர் போய்விடும்.

கேட்டதையெல்லாம் நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. இரண்டுக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். டீக்கடைப் பெரியவர் ஒருவர் "இங்க நேவிக்காரங்க ஜெட்டு ஓட்டினாங்க" என்றபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சூலூரில் ஏது கடல்? அவர் சொன்னது முழுக்க உண்மை. விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்காக இந்தியக் கடற்படை வாங்கிய சீ ஹாக் ஜெட் விமானங்கள் இங்கேதான் இருந்தன. 1961 செப்டம்பரில் ஐ.என்.எஸ். ஹன்சா என்ற தளமே சூலூரில் தொடங்கப்பட்டது. அந்த டிசம்பரில் கோவா விடுதலையானது, தபோலிம் விமானத் தளம் நம் கைக்கு வந்தது, 1964-இல் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. இன்று கோவாவில் இறங்குகிறவர்கள் பார்க்கும் ஹன்சா பிறந்த வீடு எங்கள் ஊர். மறுபடியும் பறவைப் பெயர்தான், இந்த முறை அன்னம். பிள்ளைகள் மறுநாள் அதே கடைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இன்னொருவர் "ஜப்பான்காரன் சூலூர்ல குண்டு போட்டான்" என்றார். இது நடக்கவில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்தச் செய்தி கேட்டு நம் ஊர்கள் நடுங்கியது நிஜம். சென்னையில் இருந்து கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்கு ஓடிவந்ததும் நிஜம். அந்தப் பயம்தான் ஞாபகத்தில் குண்டாக மாறியிருக்கிறது. இப்படிப்பட்ட தவறான நினைவையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் நிஜத் தேதியைக் குறியுங்கள்.

அந்த ஏப்ரல் தாக்குதல்களைத் தெரிந்துகொண்டால் இன்னொரு முடிச்சும் அவிழும். கடற்படை ஏன் கோவைக்கு வந்தது? திருகோணமலையிலும் கொழும்பிலும் கப்பல்களை வைத்திருந்தவர்களுக்கு, எதிரி எளிதில் எட்டாத உள்நாட்டில் ஒரு பணிமனை வேண்டியிருந்தது. கோவையில் பஞ்சாலைகள் இருந்தன, லேத்தில் கை பழகிய ஆட்கள் இருந்தார்கள், 1932 முதல் பைக்காரா மின்சாரம் இருந்தது. நூற்பாலைக்கு உதிரிபாகம் கடைந்த கைக்கு விமான உதிரிபாகம் கடையப் பழக எத்தனை நாளாகும்? என் கணிப்பில் கோவையைத் தேர்ந்தெடுக்க இவையே போதுமான காரணங்கள்.

காகிதத்தைத் தேடி

பேச்சில் கிடைத்ததைக் காகிதத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். முதலில் ஊர் எந்தத் தாலூகாவில் இருந்தது என்று பாருங்கள். சூலூர் இன்று தனித் தாலூகா. அன்று பல்லடம் தாலூகா. அந்தப் பல்லடமோ 2009-இல் இருந்து திருப்பூர் மாவட்டம். இதை அறியாமல் நான் மூன்று மாதம் தப்பான ஊரில் படியேறி இறங்கினேன். ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்று கையை விரித்தார்கள். மனம் விட்டுவிடாதீர்கள், நிலம் எடுத்த கணக்கின் நகல் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறை அரசாணைகளும், நில எடுப்பு அறிவிப்புகள் வந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழும் இருக்கின்றன. நிலத்தின் புல எண் (சர்வே எண்) தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அதற்கு உங்கள் ஊரில் நிலம் கொடுத்த குடும்பங்களின் பழைய பட்டாவைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் தகர டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளோடு மடித்து வைத்திருந்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். பாதுகாப்புத் தொடர்பான எதையும் தர மாட்டார்கள், அது நியாயம்தான். எண்பது வருடத்துக்கு முந்தைய நில எடுப்பைப் பற்றி வருவாய்த் துறைக்கு எழுதுவது வேறு. ஒரே கேள்வியாக, கிராமத்தின் பெயரும் புல எண்ணும் போட்டு எழுதுங்கள்.

போர்க்காலச் செய்தித்தாள்களில் தளத்தின் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தணிக்கை இருந்ததால் 'தென்னிந்தியாவில் ஓரிடத்தில்' என்று முடித்துவிடுவார்கள். நேராகத் தேடாமல் சுற்றுவழியில் போங்கள்: லாரி ஓட்டுநர் தேவை என்ற விளம்பரம், வழக்குச் செய்தி, ஊர்மீது விதித்த அபராதம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் கிடைக்கும். உதவி செய்யத் தயங்காதவர்கள்.

வெளிநாட்டுக் காகிதம் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் கியூ என்ற இடத்தில் இருக்கிறது. அதன் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 'ஏர் 27' என்ற வரிசையில் ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள், 'ஏர் 28' வரிசையில் தளங்களின் நாட்குறிப்புகள். கடற்படையின் கையில் இருந்த தளம் என்றால் அட்மிரால்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் கோப்புகளைப் பார்க்க வேண்டும். சூலூர்க்காரர்கள் விமானப்படைக் கோப்பில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நம் நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்திலும் தேடுங்கள். தேடும்போது வெள்ளைக்காரர்கள் எழுதிய பெயரைப் போடுங்கள்: தஞ்சாவூருக்கு டாஞ்சூர், திருச்சிக்கு டிரிச்சினாப்பள்ளி.

வரைபடத்துக்கு அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட 'யு502' வரிசையைப் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இன்றைய வரைபடத்தில் இல்லாத பழைய ஓடுதளங்கள்கூட அதில் தென்படும். சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு ஆகிய ஊர்க்காரர்கள் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். சோழவரத்து ஓடுதளம் போருக்குப் பின் சென்னையின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலானது. படை போன பிறகு ஓடுதளம் என்ன ஆயிற்று என்பதும் தளத்தின் வரலாறுதான்.

காற்றையும் படியுங்கள்

ஓடுதளத்தின் இரண்டு முனைகளுக்கும் எண் உண்டு. கோவை சர்வதேச விமான நிலையத்தில் அது 05, 23. சூலூருக்கும் அதே எண்கள்தான். காந்த ஊசியின் வடக்கில் இருந்து எத்தனை பாகை என்று அளந்து, பத்துக்குச் சரிசெய்து, கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டால் அந்த எண் வரும். 23 என்றால் 230 பாகை, அதாவது தென்மேற்கு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொடியில் காயும் வேட்டியைப் பிய்த்துக்கொண்டு போகும். எதிர்க்காற்றில் ஏறினால்தான், எதிர்க்காற்றில் இறங்கினால்தான் விமானத்துக்குப் பாதுகாப்பு. அந்தக் காற்றை அளந்துதான் ஓடுதளத்தைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஓடுதளத்தின் எண்ணையும் ஊர்க் காற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; இதற்கு மதில் பக்கமே போக வேண்டியதில்லை.

இன்றைய பணியை எழுதும்போது

தளம் இன்று என்ன செய்கிறது என்று எழுதுவதற்குப் பாதுகாப்பு அமைச்சகமே வெளியிட்ட அறிக்கைகள் போதும். அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். வரிசைப்படுத்த நான் மூன்று சொற்களை வைத்திருக்கிறேன்: பறப்பது, பழுது பார்ப்பது, பழக்குவது. தாம்பரம் பழக்கும் இடம். பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களையே அங்கேதான் உருவாக்குகிறார்கள். தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானங்களோடு 222-ஆவது ஸ்குவாட்ரன். அரக்கோணத்து ராஜாளியில் இருந்து பறப்பவை கடலைக் கண்காணிக்கும் 'பி-8ஐ' விமானங்கள்.

சூலூரில் பறப்பதும் உண்டு, பழுது பார்ப்பதும் உண்டு. ஏ.என்-32 சரக்கு விமானங்கள், எம்.ஐ-17 ஹெலிகாப்டர்கள், மயில் என்று பொருள்படும் சாரங் என்ற ஹெலிகாப்டர் சாகசக் குழு, கூடவே ஐந்தாவது பழுதுபார்ப்புப் பணிமனை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பறக்கும் பிரிவுகள் 1984-இல் உருவான, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு விமானப்படைக் கட்டளையகத்தின் கீழ் வருகின்றன. பணிமனையோ நாக்பூரில் உள்ள பராமரிப்புக் கட்டளையகத்தின் கீழ் வருகிறது. ஊருக்கு ஒரே ஏர்ஃபோர்ஸ்தான். காகிதத்தில் இரண்டு வீடு. இது தெரியாமல் தேடினால் பாதிக் கோப்பு கண்ணில் படாது.

ஸ்குவாட்ரனின் வரலாற்றையும் தளத்தின் வரலாற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் திருத்திய பிழை. தேஜஸ் விமானங்கள் 2018-இல் சூலூருக்கு வந்தன. 2020 மே 27 அன்று 18-ஆவது ஸ்குவாட்ரன் தேஜஸோடு இங்கே மறுபிறவி எடுத்தது. பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் சேகோன் அந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். உடனே ஒரு மாணவி "சேகோன் சூலூரில் இருந்து பறந்தார்" என்று எழுதிவிட்டாள். அவர் பறந்தது ஸ்ரீநகரில் இருந்து, 1971 டிசம்பர் 14 அன்று, நாட் விமானத்தில். ஸ்குவாட்ரனின் எண் ஊர் ஊராகப் போகும், நடுவில் சில ஆண்டுகள் உறங்கவும் செய்யும். தளம் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

போர் மட்டும் பணி இல்லை என்பதையும் எழுத வேண்டும். 2023 ஏப்ரலில் கோவைக்கு மேற்கே காட்டில் தீப் பிடித்தபோது, சூலூர் ஹெலிகாப்டர் கேரளப் பக்கம் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது. 1942-இல் தீ வைக்கப்பட்ட தளத்தில் இருந்து தீயணைக்கப் பறந்ததைப் படித்த அன்றைக்கு அம்மாயியை நினைத்துக்கொண்டேன்.

கண்ணெதிரே நடப்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் சூலூரில் இருந்துதான் போனது. குன்னூர் அருகே விழுந்து, அதில் இருந்த 14 பேரையும் இழந்தோம். மறுநாள் உடல்கள் சாலை வழியாகச் சூலூர் வந்தபோது வழிநெடுக மக்கள் நின்று பூத்தூவினார்கள். நானும் நின்றேன். யாரும் சொல்லிக் கூடிய கூட்டம் இல்லை. கையில் கிடைத்த செவ்வந்தியையும் அரளியையும் எடுத்து வந்திருந்தார்கள். அன்று ராத்திரி எழுதிய நான்கு பக்கத்தை இன்று படித்தால், அந்தப் பூக்களின் விவரம் எனக்கே மறந்துபோயிருப்பது தெரிகிறது.

எழுதி முடிக்கும்போது

ஒரே பிறந்தநாளைத் தேடாதீர்கள். நிலம் எடுத்தது, வேலை தொடங்கியது, முதல் விமானம் இறங்கியது, பெயர் சூட்டியது, கை மாறியது என்று ஒரு தளத்துக்குப் பல பிறந்தநாள் உண்டு. சூலூர் 1940 என்று ஒருவர் எழுதுவார், 1945 என்று இன்னொருவர் எழுதுவார். எதன் தேதி என்று கேட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

எழுதியதை மூன்று நகல் எடுங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று ஊர்க் கிளை நூலகத்துக்கு, ஒன்று உங்களுக்குச் சொன்னவர்களின் வீட்டுக்கு. மூன்றாவது நகலை நேரில் போய்க் கொடுங்கள். கொடுக்கும்போதுதான் "அட, இதைச் சொல்ல மறந்துட்டனே" என்று அவர்கள் அடுத்த கதையைத் தொடங்குவார்கள்.

பொருள் கிடைத்தால் சீட்டு எழுதி ஒட்டுங்கள். சீட்டில் பொருளின் பெயர், எதற்குப் பயன்பட்டது, யார் சொன்னது, எவ்வளவு உறுதி என்ற நான்கும் இருக்கட்டும். உறுதி இல்லாத இடத்தில் 'சுமார்' போடத் தயங்காதீர்கள். அம்மாயியின் வளையம் இப்போது எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய சீட்டு அதன் கீழே ஒட்டியிருக்கிறது: "சல்லி அளக்கும் இரும்பு வளையம். சூலூர் ஏரோடிராம் வேலை, சுமார் 1942. பிறகு கன்றுக்குட்டி கட்டப் பயன்பட்டது. சொன்னவர்: சல்லி உடைத்தவர்."